நேர்ந்துவிட்ட கூந்தல்

முடி கொட்டியதற்காகக் கூத்தாடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூந்தல் தைலம் விற்பவர்கள் கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனாலும் நடந்தது அதுதான். ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை காலையில், என் மாமியார் கையில் இருந்த மரச்சீப்பில் என் தலைமுடி கொத்தாகச் சிக்கி வந்தபோது, தேர்தலில் ஜெயித்தவளைப் போல எழுந்து நின்றேன். அவர் முகம் டெபாசிட் போன முகமாக இருந்தது. அந்த வெற்றிக்காக நான் ஏழு மாதம் காத்துக் கிடந்தேன். அது வராமல் இருக்க அவர் ஏழு மாதம் பாடுபட்டிருந்தார்.

நான் பிறந்தது குளத்தூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது ஆவுடையார்கோவிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு கிராமம். இன்றைக்கு இரண்டுமே புதுக்கோட்டை மாவட்டம்தான். அன்றைக்கு ஒன்று திருச்சி ஜில்லா, மற்றது தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த சமயத்தில் நான் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். பத்து வருடம் போவதற்குள் என்னையும் ஒரு ஜில்லாவிலிருந்து பிடுங்கி இன்னொரு ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள்.

பிடுங்கிக்கொண்டு வந்ததே என் முடியைப் பார்த்துத்தான். பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் சமையலைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. தலையில் பூ வைத்துவிடுகிற சாக்கில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றவர் என் சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். என் முகம் கூரை மோட்டைப் பார்த்தது. சவுரி வைத்து நீட்டிக் கட்டியிருக்கிறோமா என்று சோதனை. சடை கையோடு வராததால் கல்யாணம் நிச்சயமானது. இடுப்புக்குக் கீழே தொங்கிய அந்தச் சடைக்குப் பின்னால் ஒரு பெண்ணும் இலவசமாக வருகிறாள் என்கிற அளவுக்குத்தான் என்னைப் பற்றி அவர் நினைத்திருப்பார் என்று அப்போதே எனக்கு ஒரு கடுப்பு.

வந்த பிறகு அது தெளிவாகவே தெரிந்தது. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் நகைகள் மாமியாரின் டிரங்குப் பெட்டிக்குள் போயின. கல்யாணச் சேலைகளும் அதே பெட்டிக்குள் போயின. சாவி அவர் இடுப்பில் இருந்தது. பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாமல் என்னிடமே மிஞ்சிய ஒரே சீதனம் என் தலைமுடிதான். அதையும் அவர் விடவில்லை. கோயிலுக்குப் போகும்போது என்னை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வருவார். எதிரே யாராவது நின்று பார்த்தால் போதும், “எங்க வீட்டு முடி எப்படி இருக்கு?” என்று கேட்பார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாள்கூட, சூடை மீன் விற்பதை நிறுத்திவிட்டு என் சடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாக வேண்டும். கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிகிறாள் என்பார்கள். இங்கே கூந்தல் எனக்கு இருந்தது, மகராசி அவராக இருந்தார்.

அவருக்கு இன்னொரு பழக்கம், நேர்ந்துகொள்வது. பசு சினை பிடித்தால் ஒரு சேவல் நேர்ந்துவிடுவார். மழை பெய்தால் ஒரு கிடாய். மகனுக்குச் சளி பிடித்தால் மாவிளக்கு. எங்கள் கொல்லையில் மேய்ந்த கோழிகளில் பாதிக்குமேல் ஊர் மாரியம்மனுக்குச் சொந்தம். நாங்கள் வெறுமனே தீவனம் போட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஆனால் தாயார் காதில் விழாத தூரத்தில். தாயார் எதிரில் அவர் வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான்.

வைகாசியில் கல்யாணம். ஆடிக் காற்று அடங்கும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆவணி பிறந்ததும் என் முடி கொட்ட ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சமில்லை. சீப்பில் வந்தது, பாயில் கிடந்தது, என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற சோற்றில் வந்தது. வாரிய முடியை விரலில் சுற்றித் தூவென்று துப்பிச் சுவர்ப் பொந்தில் செருகி வைப்போம். அந்தப் பொந்து நிறைந்து வெளியே தொங்கியது. கிணற்றுத் தண்ணீர் வேறு கடலுக்குப் பக்கத்து உப்புத் தண்ணீர். சீயக்காய் தேய்த்தால் நுரைக்காது. தலை காய்ந்த பிறகு தொட்டால் தேங்காய் நார் போல இருக்கும்.

மாமியார் பதறிப்போனார். கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்து மூவரும் இருமியதுதான் மிச்சம். பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது, வந்த இடம் மருமகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. வீட்டில் முடி பறந்தால் தரித்திரம் என்று இன்னொருத்தி சொன்னாளாம். ஊரைக் கூட்டிக் காட்டிய முடியாயிற்றே, ஊர் பேசாமல் இருக்குமா? அவர் தூங்கவில்லை என்பது காலையில் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கெட்ட மனுஷி இல்லை அவர். பயந்த மனுஷி. பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பூசாரி தீபம் காட்டிக்கொண்டிருந்தார். நான் தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மனுக்குக் காது மந்தம் என்பது போல மாமியார் எப்போதும் சத்தமாகத்தான் வேண்டுவார்.

“தாயே, எம் மருமகளுக்கு முடி கொட்டுறது நிக்கணும். நின்னுச்சுன்னா, வார பங்குனித் திருவிழாவுக்கு அந்த முடியவே ஒனக்கு எறக்கிடுறேன்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் விளங்கியது. முடி கொட்டினால் தானாகவே போய்விடும். கொட்டுவது நின்றால் மொட்டை அடித்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் என் தலையில் ஒன்றும் மிஞ்சப்போவதில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். உடைபட்ட தேங்காயாக நானே இருப்பேன் என்று நினைத்ததில்லை.

வழியில் கேட்டேவிட்டேன். என் தலை முடியை நேர்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை. சேவலிடம் கேட்டா நேர்ந்தோம் என்கிற மாதிரி பார்த்தார். முடி போனால் வளரும், சாமியிடம் சொன்ன சொல் போனால் வருமா என்றார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் குமுறினேன். அவர், பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன்.

ஐப்பசியில் தலைதீபாவளிக்குப் பிறந்த வீடு போனோம். என் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டபோது முடி கையோடு வந்தது. நான் அழுதேன். அம்மாவுக்கோ சிரிப்பு. வருடா வருடம் இந்தக் காலத்தில் எனக்குக் கொட்டுவதுதானாம். கல்யாணம் ஆகும் வரை அம்மாதான் வாரிவிட்டாள், அம்மாதான் அள்ளிப் போட்டாள், நான் கண்டுகொண்டதே இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், முடியா நிற்கப் போகிறது என்றாள். தைக்குள் தானாக நின்றுவிடும், அதுவரை தலையைக் காயவிடாமல் பார்த்துக்கொள் என்றாள்.

திரும்பி வந்ததும் நான் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தேன். கோழிகள் இறகை உதிர்த்துவிட்டுக் கழுத்து வெளியே தெரியத் திரிந்தன. வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்துபோனால் அந்த இடத்தில் ஒரு ரோமப் படுக்கை கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களின் சுவர்ப் பொந்துகளும் பிதுங்கித்தான் இருந்தன. ஊரில் எல்லாவற்றுக்கும் உதிர்கிற காலம். அதில் என் தலை மட்டும்தான் சாமி காரியம் ஆகியிருந்தது.

கொட்டட்டும் என்று விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். நின்றால்தானே மொட்டை? ஆனால் அதற்கு மனம் ஒப்பவில்லை. பங்குனி வரைக்குமாவது அது என் முடி, என் முடியை நான் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு வீம்பு. ஐப்பசி மழை ஓட்டுக்கூரையிலிருந்து கொட்டியது. அண்டா, குடம், சொம்பு, பருப்புச் சட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் சீயக்காய் கூட நுரைத்தது. செம்பருத்தி இலையை அரைத்துப் பூசினேன். உசிலை இலையை நிழலில் உலர்த்தி இடித்த அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தேன். கஞ்சி, மாட்டுக் கழனிப் பானைக்குப் போக வேண்டியது. அதிலிருந்து ஒரு சொம்பு எடுப்பதை மாமியார் பார்த்துவிட்டார். பசுவின் வாயிலிருந்து பிடுங்கித் தலையில் ஊற்றிக்கொள்கிறாள் என்று தெருவரைக்கும் கேட்கும்படி சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும், வயலிலிருந்து வரும்போது, கேட்காமலே துண்டில் முடிந்து கரிசலாங்கண்ணி கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். அவரால் முடிந்த புரட்சி அது.

அம்மா சொன்னபடியே மார்கழியில் குறைந்தது. தை பிறந்தபோது நின்றேவிட்டது. நெற்றியோரத்தில் புதுமுடி குட்டை குட்டையாக எழுந்து நின்றது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். என்னைவிட அதிகம் மகிழ்ந்தவர் மாமியார். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று வீடு வீடாகச் சொன்னார். சொன்ன கையோடு, பங்குனித் திருவிழாவில் எனக்கு முடி இறக்குவதையும் சொன்னார். எல்லோரும் என் தலையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாசியில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் பேச்சு வந்தபோது, பூசாரியிடம் சொல்லி வைக்க மாமியார் கிளம்பினார். நானும் கூடப் போனேன். என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். பூசாரிக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. இந்த வழக்கில் அவரைவிட நடுநிலையான ஆள் கிடைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். பிறகு, வந்த நாளிலிருந்து அவர் எதிரில் இவ்வளவு நீளமாகப் பேசாதவள், பேசினேன்.

“ஆத்தா நிறுத்துனதுன்னா, அது நின்னது நின்னதுதானே அயித்த? அடுத்த ஆவணிக்கு மறுபடியும் கொட்டுச்சுன்னா என்ன அர்த்தம்? காலம் வந்து கொட்டுது, காலம் வந்து நிக்குதுன்னுதானே? அதுக்கு ஆத்தா எதுக்கு எம் முடியக் கேக்கப் போறா?”

சாமி செய்யவில்லை என்று நான் சொல்லியிருந்தால் மாமியார் அங்கேயே என்னைப் பிய்த்திருப்பார். நானோ சாமி செய்தது நிலைக்கும் என்று சொல்லிவிட்டேன். அதை அவரால் எப்படி மறுக்க முடியும்? பூசாரி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். மருமகள் கேட்பதில் ஞாயம் இருக்கிறது என்றார். நேர்த்திக்கடனுக்குத் தவணை கேட்டால் அம்மன் கோபிக்க மாட்டாள், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போங்கள், வருகிற புரட்டாசிக் கடைசி வெள்ளி வரைக்கும் பார்ப்போம் என்றார். அதற்குள் கொட்டவில்லை என்றால் அது அம்மன் செய்தது, முடியை இறக்கிவிட வேண்டியது. போன வருடம் போலக் கொட்டினால் காலத்தின் வேலை, கடன் இல்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் மாமியாருக்கு நாக்கு சும்மா இருக்காது. காசை முடிந்துகொண்டே அம்மனைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க ஆத்தா நிறுத்துனது கொட்டாது. கொட்டுச்சுன்னா மருமகளுக்குப் பதிலா எம் முடிய எறக்குறேன்.”

பூசாரி குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இனி அதுவும் நேர்ந்த சொல். திரும்பி நடக்கும்போது மாமியார் ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் என் தலையை அவர்தான் வாருவார். நானே பிய்த்துக்கொண்டு கொட்டியது என்று கணக்குக் காட்டக் கூடாது. சரி என்றேன். எனக்கும் சாட்சி வேண்டியிருந்தது.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. முடி கொட்டக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் என் தலையை அவர் வளர்த்தார் பாருங்கள், பெற்ற தாய் வளர்த்திருக்க மாட்டாள். பசுவின் வாயிலிருந்து பிடுங்குகிறாள் என்று என்னை ஏசியவர், வடித்த கஞ்சி முழுவதையும் ஆறவைத்து என் தலையில் ஊற்றினார். பசு அவரைப் பார்த்துக் கத்தியது. வெந்தயத்தை ஊறவைத்து அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்தார். கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கால் மணி நேரமாவது உட்கார்ந்து தேய்ப்பார். கோடையில் மழைத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. ஊருணித் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான். அதில் காலைக்கூட நனைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தத் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமந்துவந்து என் தலைக்கு ஊற்றினார். குடிக்கிற தண்ணீரை இப்படிச் செய்யலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், இதுவும் சாமி காரியம்தான் என்று சொல்லிவிட்டார். முருங்கைக் கீரை, எள்ளுருண்டை, கேப்பைக் கூழ், மீன்கார அம்மாள் கூடையில் கிடைக்கிற நல்ல மீன், எல்லாம் என் தட்டுக்கே வந்தன. அவருடைய மகன் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அதுவரை அந்த வீட்டில் அப்படிச் சாப்பிட்டதில்லை. என் கூந்தலும் என் வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. சடை கனத்தில் கழுத்து வலித்தது. ஆனால் தலை செழிக்கச் செழிக்க என் பயமும் செழித்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தால் எப்படிக் கொட்டும்? கொட்டாவிட்டால் பங்குனியில் இத்தனையும் கோயில் வாசலில் கிடக்கும். யாருக்கும் தெரியாமல் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் கிணற்றடி வரைக்கும் போனேன். வாளியை இறக்கவில்லை. கள்ளாட்டம் ஆடி ஜெயித்தால் அது எனக்கு ஜெயமா?

ஆடி வந்தது. காற்று எங்கள் வைக்கோல் போரைக் கலைத்தது, கூரை ஓட்டைப் புரட்டியது, என் தலையிலிருந்து ஒரு முடியை எடுக்கவில்லை. மாமியார் தெருவில் நிமிர்ந்து நடந்தார். முன்பெல்லாம் வெடுக் வெடுக்கென்று வாருகிறவர், இப்போது கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி வாரினார். ஆவணியும் பாதி போயிற்று. விடிந்தவுடன் என் வீட்டுக்காரர் பாயைக் குனிந்து பார்ப்பார். ஏதாவது கிடைத்தால் அவர் முகம் மலரும். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அது தன்னுடையது என்று தெரிந்ததும் வாடிவிடும். நான் அந்த மனிதரிடம் நிஜமாகவே ஆசை கொண்டது அந்தக் காலைகளில்தான்.

ஆவணிக் கடைசியில் சீப்பில் நாலைந்து முடி வந்தது. நான் நிமிர்ந்தேன். இதெல்லாம் எல்லோருக்கும் தினமும் கொட்டுவது, கணக்கில் சேராது என்று மாமியார் சொல்லிவிட்டார். பூசாரியும் போன வருடம் போல என்றுதானே சொன்னார்? வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே கொல்லையில் கோழி இறகு ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் இன்னும் இரண்டு. அம்மனை நான் வேண்டவில்லை. யாரிடமும் எதையும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. அந்தக் கோழிகளைத்தான் நம்பினேன்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது வெள்ளி. தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, முற்றத்து வெயிலில் மணையைப் போட்டு உட்காரவைத்தார். சிக்கெடுத்தார். சீப்பு உச்சியிலிருந்து இறங்கி வந்தது, பாதியில் நின்றது. என்ன அயித்த என்று கேட்டேன். மறுபடியும் உச்சியில் வைத்து, இன்னும் மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை வாரவில்லை. சீப்பிலிருந்து எதையோ உருவி என் மடியில் போட்டார். என் உள்ளங்கையை நிறைக்கிற அளவுக்கு முடி.

எழுந்து நின்றேன் என்று முதலிலேயே சொன்னேன். எழுந்து நின்றது மட்டுமில்லை, அந்தக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. மாட்டுத் தொழுவத்தில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, தாயார் இருப்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மாமியார் மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு தன் கொண்டையை அவிழ்த்து, தன் தலையிலேயே சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நரையும் கறுப்புமாக அவருக்கும் ஒரு கொத்து வந்தது. அதையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடமும் தனக்கும் இந்த மாதத்தில்தான் கொட்டியிருக்கிறது என்று முணுமுணுத்தார்.

“போதும் குதிச்சது. இங்கிட்டு வந்து உக்காரு. இன்னும் கொட்டக் கெடக்கு, சிக்கெடுக்கணும்” என்றார்.

போய் உட்கார்ந்தேன். மீதியையும் அவரே வாரிவிட்டார். கஞ்சியும் நிற்கவில்லை, எள்ளுருண்டையும் நிற்கவில்லை. கொட்டுகிற காலத்தை எந்த இலையாலும் நிறுத்த முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கொட்டிய இடத்தில் முளைப்பது நல்ல முடியா நோஞ்சான் முடியா என்பதைத் தண்ணீரும் சோறும் எண்ணெயும்தான் முடிவு செய்கின்றன. அந்தத் தையில் என் நெற்றியில் எழுந்த புதுமுடி போன வருடத்தைவிட அடர்த்தி. இன்றைக்கு அது முழுக்க வெளுத்துவிட்டது. ஆனாலும் ஆவணி பிறந்தால் கொட்டுகிறது, தை பிறந்தால் நிற்கிறது.

பங்குனி வந்தது. என் கடன் ஒழிந்தது. அவர் கடன் இருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஜெயித்தாயிற்று, அவர் தலையை மொட்டையாகப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை. இன்னொரு காசை முடிந்து தவணை வாங்கலாம், பூசாரி ஒத்துக்கொள்வார் என்று சொன்னேன். மகனும் சொன்னார், இந்தத் தடவை தாயார் எதிரிலேயே. மாமியார் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

“சொன்னது நானு. எம் முடி, நான் எறக்குறேன். இதுக்கு யாரக் கேக்கணும்?”

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். போன புரட்டாசிக்கு முந்தின புரட்டாசியில் கோயில் வழியில் நான் கேட்ட கேள்வி அவருக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். நான் அதைக் கிளறவில்லை.

திருவிழா அன்று கோயில் வாசலில் வரிசையில் உட்கார்ந்து முடி இறக்கினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குளித்துவிட்டு வந்தவரின் தலையில் நான் சந்தனம் குழைத்துப் பூசினேன். அவர் தலை இவ்வளவு சின்னதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கை வைத்த இடமெல்லாம் சூடு. அன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கல்யாணச் சேலையையும் காசு மாலையையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். சடை நிறையக் கனகாம்பரமும் அவர் வைத்துவிட்டதுதான்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மருமகள் முடியை நேர்ந்துவிட்டு மாமியார் மொட்டையாக நிற்கிறாரே என்று அவர்களுக்கு ஒரே வேடிக்கை. ஒருத்தி என் சடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போன வருடம் அவ்வளவு கொட்டியதே, இதில் சவுரி எவ்வளவு என்று கேட்டாள். மாமியார் என் பின்னால் வந்து நின்றார். சடையைக் கையில் பிடித்தார். பெண் பார்க்க வந்த அன்று இழுத்தாரே, அதே இழுப்பு. என் முகம் வானத்தைப் பார்த்தது.

“நல்லா இழுத்துப் பாருங்கடி. சவுரியும் இல்ல, எங்க வீட்டு முடியும் இல்ல. அம்புட்டும் அவ முடி” என்றார்.

வலிக்கிறது விடுங்க அயித்த என்றேன். கூட்டத்தில் கடைசி ஆள் வந்து இழுத்துப் பார்க்கிற வரைக்கும் அவர் விடவில்லை.